பைக்கில் ஆளும் மூட்டையும்: ஏற்றும் முன் ஒரு கணக்கு

குறுவை நடவு தொடங்கிவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆற்றங்கரைச் சாலைகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஓட்டுபவர் கணவர், பின்னால் மனைவி, நடுவில் யூரியா மூட்டை. கேட்டால், "பக்கத்துலதாங்க, மதகு தாண்டினா வீடு" என்பார்கள். ஆனால் ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் பள்ளத்தில் வயல். வண்டி ஆடினால் ஒதுங்க இடம் இருக்காது.

எடை எவ்வளவு?

வண்டி எவ்வளவு தாங்கும் என்பது அதன் கையேட்டிலேயே இருக்கும். சாதாரண 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு இது 130 கிலோவை ஒட்டியே இருக்கும். ஓட்டுபவரின் எடையும் இதில் அடக்கம். கணவர் 65 கிலோ, மனைவி 55 கிலோ என்றால் 120 ஆகிவிட்டது. யூரியா மூட்டை 45 கிலோ. மொத்தம் 165! ஆளா, மூட்டையா என்று முடிவு செய்யுங்கள். ரெண்டு நடையாகப் போனால் பத்து நிமிஷம்தான் கூடும்.

வண்டி ஏன் ஆடுகிறது?

பாரம் பின்சக்கரத்தைத் தாண்டிப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகிவிடும். ஹேண்டில் சொன்னபடி கேட்காது. பிரேக் பிடித்தாலும் நிற்க அதிக தூரம் ஆகும். இரவில் முகப்பு விளக்கு மேலே தூக்கி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

மூட்டை ஏற்றும்போது

1. தாழ்வாகவும் ஓட்டுபவரை ஒட்டியும் வையுங்கள். இரு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும்.
2. இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். கயிற்று நுனி தொங்கினால் செயினில் சிக்கும்.
3. மண்வெட்டி, அரிவாளைச் சாக்கில் சுற்றிக் கட்டுங்கள். எதையும் குறுக்கே நீட்டி வைக்காதீர்கள்.
4. பாரத்துக்கு ஏற்ற பின் டயர் காற்றளவைக் கையேட்டில் பார்த்து நிரப்புங்கள்.

ஆள் ஏறும்போது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 128-ஆம் பிரிவுப்படி, ஓட்டுபவரைத் தவிர ஒருவர் மட்டுமே ஏறலாம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். ஓட்டுநர் உரிமமும் 3 மாதத்துக்குச் செல்லாது. 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தலைக்கவசம் கட்டாயம். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பிள்ளையைப் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார வைக்காதீர்கள். திடீரென பிரேக் பிடித்தால் அதன் முகம்தான் ஹேண்டிலில் மோதும்.

பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்ட பிறகே வண்டி கிளம்பட்டும். சேலைத் தடுப்புக் கம்பியைக் கழற்ற வேண்டாம்.

சாலையில் நெல் காய்ந்தால்

நெல்மணி டயருக்கடியில் உருளும். முன்னாலேயே வேகத்தைக் குறைத்து நேராகப் போங்கள்; அதன்மேல் சட்டென்று பிரேக் பிடிக்கவோ வண்டியைத் திருப்பவோ வேண்டாம்.

விபத்து நடந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்டுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம்.

அடுத்த முறை மூட்டையைத் தூக்கும் முன் ஒரு நிமிஷம் எடையைக் கூட்டிப் பாருங்கள்.