காப்பிப் பொடி வாங்கும் கணக்கு



தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் அரிசி மாறும், எண்ணெய் மாறும், பேரக் குழந்தைகள் பேசும் மொழிகூட மாறும். காலையில் டபராவில் ஆற்றிக் குடிக்கும் பில்டர் காப்பி மட்டும் எளிதில் மாறுவதில்லை. ஆனால் பிரேசிலிலும் வியட்நாமிலும் ஏற்பட்ட வறட்சியால் 2024, 2025 ஆண்டுகளில் உலகச் சந்தையில் காப்பிக் கொட்டையின் விலை மிகவும் ஏறிவிட்டது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் சில வீடுகளில் "மாலைக் காப்பியை நிறுத்திவிடலாமா?" என்ற பேச்சு எழுந்ததை இங்கே முனிர்காவில் நானே கேட்டிருக்கிறேன். நிறுத்த வேண்டியதில்லை. கடையில் எதைக் கேட்டு வாங்குவது என்று தெரிந்துகொண்டால் போதும்.

நம்மவர்கள் கடைக்குப் போனதும் "பீபரி கொடுங்கள்" அல்லது "ப்ளாண்டேஷன் ஏ கொடுங்கள்" என்பார்கள். இந்தப் பெயர்களின் பொருளை முதலில் பார்ப்போம்.

இந்தியாவில் முக்கியமாக விளைவது இரண்டு இனம்: அராபிகா, ரோபஸ்டா. அராபிகாப் பழத்தின் தோலை நீக்கி, கழுவி, உலர்த்தி எடுத்த கொட்டைக்கு "ப்ளாண்டேஷன்" என்று பெயர். ரோபஸ்டாவை அதே முறையில் எடுத்தால் "பார்ச்மென்ட்". எந்த இனமானாலும் பழத்தை அப்படியே வெயிலில் காயவைத்து உடைத்தது "செர்ரி". சாதாரணமாக ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டித் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டுமே வளர்ந்து உருண்டையாகிவிடும், அதுதான் பீபரி.

இனி ஏ, பி, சி. ரயில்வேயில் பொறியாளராக இருந்தவன் என்பதால் இது எனக்கு எளிதில் விளங்கியது. தண்டவாளத்துக்கு அடியில் பரப்பும் ஜல்லியை 65, 40, 20 மில்லிமீட்டர் சல்லடைகளில் சலித்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வோம். காப்பிக் கொட்டையையும் அப்படியே சலிக்கிறார்கள். 6.65 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் தங்குவது ஏ. அதைவிடச் சிறியது பி. இன்னும் சிறியது சி. ஆகவே ஏ, பி என்பவை முக்கியமாக அளவைக் குறிப்பவை. ருசிக்குப் போட்ட பரீட்சை மதிப்பெண்கள் அல்ல. ஒரே தோட்டத்தில், ஒரே செடியில், ஒரே கிளையில்கூட ஏ-யும் பி-யும் காய்க்கும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஸ்பெயின் நாட்டுத் திராட்சை மதுப் புட்டிகளில் "கிரியான்ஸா", "ரெஸர்வா" என்று எழுதியிருக்கும். நான் மதுவைத் தொட்டவன் அல்லன். ஆனால் அந்தச் சொற்களின் பொருள் தெரியும். சிவப்பு மதுவில் முன்னது குறைந்தது இரண்டு ஆண்டுகள், பின்னது குறைந்தது மூன்று ஆண்டுகள் பக்குவப்படுத்தப்பட்டது என்று பொருள். விவரம் தெரிந்தவர்கள் பெரிய பெயரை விட்டு, நல்ல தோட்டத்தின் இளைய சரக்கை மலிவாக வாங்குகிறார்கள். காப்பியிலும் நாம் அதைச் செய்யலாம்.

என் யோசனைகள்:

1. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பவர்களுக்கு ப்ளாண்டேஷன் பி போதும். அரைத்துப் பொடியாக்கிய பிறகு கொட்டை பெரியதா சிறியதா என்பதற்கு மதிப்பில்லை. சி-யில் உடைசல் அதிகம் இருந்தால் வறுவல் ஒரே சீராக இராது. அதனால் பார்த்து வாங்கவும்.

2. ரோபஸ்டாவை ஒதுக்காதீர்கள். பாலில் அடங்கிப் போகாத கெட்டித்தன்மை அதற்கு உண்டு. ப்ளாண்டேஷன் பி 70 பங்கு, ரோபஸ்டா பார்ச்மென்ட் 30 பங்கு கலந்து பாருங்கள். ஆனால் அராபிகாவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு காபீன் அதில் இருப்பதால், இரவில் தூக்கம் வராதவர்கள் பங்கைக் குறைத்துக்கொள்ளவும்.

3. பாக்கெட்டில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று படியுங்கள். காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சிக்கரியின் அளவை அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம்.

இதில்தான் கணக்கு இருக்கிறது. எடுத்துக்காட்டாக, சுத்தக் காப்பிப் பொடி கிலோ 800 ரூபாய், சிக்கரி 200 ரூபாய், 60:40 கலவை பாக்கெட் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட் மலிவாகத் தோன்றும். அதிலுள்ள 400 கிராம் சிக்கரியின் விலை 80 ரூபாய். மீதி 520 ரூபாய் 600 கிராம் காப்பிக்கு. அப்படியானால் காப்பியின் விலை கிலோ 867 ரூபாய்! சுத்தக் காப்பியும் சிக்கரியும் தனித்தனியே வாங்கி அதே 60:40 விகிதத்தில் வீட்டிலேயே கலந்தால் 560 ரூபாய்தான் ஆகும். 80:20 கலந்தாலும் 680 ரூபாய். காப்பியோ 800 கிராம். உங்கள் கடை விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

சிக்கரி கெட்ட பொருள் அல்ல. அது ஒரு செடியின் வேர். டிகாக்ஷனுக்கு நிறமும் கனமும் தரும். காப்பி விலையில் சிக்கரி வாங்காமல் இருந்தால் சரி. சுத்தக் காப்பி என்று சொல்லிக் கொடுத்ததில் ஐயம் இருந்தால், ஒரு கண்ணாடி டம்ளர் குளிர்ந்த நீரின்மேல் ஒரு சிட்டிகை பொடியைத் தூவுங்கள். காப்பி மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடு இழுத்தபடி கீழே இறங்கும்.

4. மாதத்துக்கு ஒரு கிலோ என்று மொத்தமாக அரைத்து வைக்காதீர்கள். வறுத்து அரைத்த பொடியின் மணம் சில நாட்களிலேயே குறையத் தொடங்கும். மணம் போனால் அதே ருசிக்கு ஒரு கரண்டி கூடப் போட வேண்டியிருக்கும், அதுவும் செலவுதான். கால் கிலோவாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். ப்ளாண்டேஷன் ஏ, பி இரண்டிலும் நூறு நூறு கிராம் ஒரே வறுவலில் வாங்கி, இரண்டு பில்டர்களில் டிகாக்ஷன் இறக்குங்கள். எது எது என்று சொல்லாமல் வீட்டிலுள்ளவர்களுக்குக் கொடுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் விலை குறைந்ததையே வாங்குங்கள். மாலைக் காப்பியும் தொடரட்டும்.