தட்டுத் தடுமாறும் வன்தட்டு

வீட்டிலோ பள்ளியிலோ உள்ள பழைய கணினி ஒன்று திடீரென்று ஆமையாய் நகரத் தொடங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அது திறந்திருக்காது. "வைரஸாக இருக்கும்" என்பார் ஒருவர். "பழசாகிவிட்டது, தூக்கிப் போடு" என்பார் மற்றவர். ஆனால் உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க், அதாவது வன்தட்டு, பழுதாகத் தொடங்கியிருந்தால், நீங்கள் முதலில் செய்யும் காரியத்தைப் பொறுத்தே அதிலுள்ள பாடக் குறிப்புகளும் குடும்பப் புகைப்படங்களும் பிழைக்கும்.

வன்தட்டு எவ்வாறு வேலை செய்கிறது? 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. பெரிய அலமாரி போன்ற அந்தப் பெட்டியில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே! அதன்பின் அளவு சுருங்கியது, தத்துவம் மாறவில்லை. காந்தப் பொருள் பூசிய அலுமினிய அல்லது கண்ணாடித் தட்டு சுழல்கிறது. ஒரு கரத்தின் நுனியிலுள்ள 'தலை', தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றுப் படலத்தின்மேல் மிதந்தபடி காந்தக் குறிகளைப் படிக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் இந்த இடைவெளியைப்போல் பல்லாயிரம் மடங்கு. அங்கே ஒரு தூசி நுழைந்தால் அது பாறை விழுந்தது போலத்தான்.

மேசைக் கணினிகளின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. தட்டின் விட்டம் 95 மில்லிமீட்டர் என்று கொண்டு விளிம்பின் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு ஏறக்குறைய 129 கிலோமீட்டர் வரும்! இந்த வேகமும் கணினிக்குப் போதாது. தலை சரியான தடத்துக்கு நகர 9 மில்லி நொடி, வேண்டிய இடம் சுழன்று வர சராசரியாக 4 மில்லி நொடி, ஆக 13 மில்லி நொடி ஆகிறது. 'ராம்' என்னும் நினைவகமோ 100 நானோ நொடி அளவில் விடை தந்துவிடுகிறது. நினைவகத்தின் அந்த நேரத்தை 1 நொடி என்று வைத்துக்கொண்டால், வன்தட்டு எடுத்துக்கொள்வது ஒன்றரை நாள்.

எனவே, நினைவகம் போதாமல் கணினி அடிக்கடி வன்தட்டைத் தேடிப் போக நேர்ந்தாலே வேகம் குறையும். சில நிரல்களை மூடினால் இது சரியாகிவிடும். கூடுதல் நினைவகம் பொருத்தினால் இன்னும் நல்லது.

மற்றொரு மந்தம் ஆபத்தானது. தட்டில் ஓர் இடத்தின் காந்தக் குறி மங்கிவிட்டால், பிழை திருத்தும் கணித முறையால் வன்தட்டு அதை ஊகித்தறிய முயலும். முடியாவிட்டால் மறுபடியும் படிக்கும். ஒவ்வொரு மறுபடிப்புக்கும் ஒரு சுற்றுக் காத்திருக்க வேண்டும். 120 முறை முயன்றால் ஒரு நொடி போய்விடும். இத்தகைய இடங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால்? திரை உறைந்து நிற்கும். வன்தட்டு முறையிடுவதில்லை, நாம்தான் கணினியைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இதை எவ்வாறு அறிவது? விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் வட்டின் உழைப்பு 100 சதவீதம் என்று நெடுநேரம் காட்டி, தரவோ நொடிக்குச் சில கிலோபைட்டே நகர்ந்தால் சந்தேகப்படுங்கள். 'டிக், டிக்' என்று ஒரே சீரான ஒலி கேட்டால் நிலைமை மோசம். 'ஸ்மார்ட்' என்ற பெயரில் வன்தட்டு தனக்குத்தானே ஒரு நாட்குறிப்பும் எழுதிக்கொள்கிறது. இலவச மென்பொருள்களால் அதைப் படிக்கலாம். கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை அதில் இருக்கும். அது நாளுக்கு நாள் ஏறுகிறதா என்று பாருங்கள். சி.ஆர்.சி. பிழை மட்டும் ஏறினால் தட்டு நன்றாகவே இருக்கலாம், குற்றவாளி பெரும்பாலும் இணைப்புக் கம்பி!

ஆனால் நாட்குறிப்பு சுத்தமாக இருப்பதால் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. கூகுள் ஆய்வாளர்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். முதல் வருடல் பிழை காட்டியவை அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழை காட்டாதவற்றைவிட 39 மடங்கு அதிகம். அதே சமயம், பழுதானவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை!

சந்தேகம் வந்தவுடன் பலர் செய்வது முழுச் சோதனை ஓட்டுவது, அல்லது விண்டோஸை மறுபடி நிறுவுவது. இரண்டும் நோயாளியை மாடிப்படி ஏறவைப்பது போன்றவை. முதலில் படியெடுங்கள். மீண்டும் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள். சினிமாப் படங்கள் காத்திருக்கட்டும். ஒரு கோப்பில் சிக்கிக்கொண்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய், கடைசியில் திரும்பி வாருங்கள். லினக்ஸிலுள்ள டிடிரெஸ்கியூ என்னும் நிரல் இதே உத்தியைத்தான் கையாள்கிறது. 'டிக், டிக்' ஒலி கேட்கும் வட்டை மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். தலையே பழுதாகியிருக்கலாம், தட்டை உராய்ந்துகொண்டும் இருக்கலாம். அதை வல்லுநரிடம் கொடுப்பதே சரி. குளிர்பெட்டியில் வைத்தெடுத்தால் உயிர் வரும் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே ஈரம் படிவதுதான் மிச்சம்.

எல்லாவற்றையும் படியெடுத்து, புதிய வட்டும் பொருத்தியபின், செத்த வன்தட்டைப் பெரியவர் ஒருவர் துணையுடன் பிரித்துப் பாருங்கள். நட்சத்திர வடிவத் திருகாணிகளைக் கழற்ற அதற்கேற்ற திருப்புளி வேண்டும். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடிபோல் தட்டு பளபளக்கும். அதை வளைக்காதீர்கள், கண்ணாடியால் ஆனதாக இருந்தால் நொறுங்கிவிடும். கரத்தின் அடியில் இரண்டு நியோடிமியக் காந்தங்கள் இருக்கும். அவற்றின் இடையில் விரலைக் கொடுத்துவிடாதீர்கள்!