அந்த 2 ஏன் நகரவில்லை?



எங்க அம்மா காண்டிராக்டில் ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போறாங்க. போன மாசம் 2 ஞாயிறும் போனாங்க. ஞாயிறுக்கு இரட்டைக் கூலி. ஆனா சம்பளச் சீட்டில் ஒற்றைக் கூலிதான், 900 ரூபாய் குறைவு! அந்தக் கணக்கை எக்செல்லில் போடுவது பக்கத்து வீட்டு அக்கா. அவங்க வேணும்னு செய்யலை. ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

ஏ நெடுவரிசையில் ஆளின் வேலை. பி-யில் நாள் கூலி, சி-யில் ஞாயிறு கூலி வரணும். கூலிப் பட்டியல் எச்2 முதல் ஜே5 வரை தனியாக இருக்கு. பி2 கட்டத்தில் எழுதுவது (கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் அடிக்கணும்):

=விலுக்கப்(ஏ2, எச்2:ஜே5, 2, 0)

ஏ2-வில் உள்ள வேலையைப் பட்டியலில் தேடி, பட்டியலின் 2-வது நெடுவரிசையில் இருப்பதைக் கொடு என்று அர்த்தம். 0 போட்டால் அச்சு அசலாக அதே பெயரைத் தேடும்.

கீழே இழுத்தால் ஏ2 என்பது ஏ3 ஆகும். நல்லது. ஆனா பட்டியலும் எச்3:ஜே6 ஆயிடும்! முதல் வரியில் இருந்த ஹெல்பர் வெளியே போயிடுவார், கட்டத்தில் #என்/ஏ வரும். அதனால் டாலர் குறியால் ஆணி அடிக்கணும்: $எச்$2:$ஜே$5. எஃப்4 பொத்தானை அழுத்தினால் தானா விழும். ஏ-க்கு மட்டும் $ஏ2. எழுத்து நிற்கும், எண் நகரும்.

1979-இல் வந்த விசிகால்க்கில் டாலர் கிடையாது. காப்பி செய்யும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘மாறணுமா, அப்படியே இருக்கணுமா’ன்னு அதுவே கேட்குமாம்.

அக்கா டாலரெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தாங்க. மாட்டினது அந்த 2. அது வெறும் எண், சி-க்கு இழுத்தாலும் 2-ஆகவே நிற்கும். #என்/ஏ வந்திருந்தா கண்ணில் பட்டிருக்கும். இது ஞாயிறு கட்டத்திலும் 450 என்று நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

2-ஐ எடுத்துட்டு காலம்(பி1) போட்டோம். (இது நேரம் இல்லை, நெடுவரிசைக்கு ஆங்கிலப் பெயர்!) பி இரண்டாவது எழுத்து, அதனால் 2. பக்கத்தில் இழுத்தால் காலம்(சி1) ஆகி 3 வரும்.

=விலுக்கப்($ஏ2, $எச்$2:$ஜே$5, காலம்(பி1), 0)

450 இருந்த இடத்தில் 900 வந்தது. அம்மாவுக்கு மட்டுமில்லை, ஞாயிறு வேலைக்குப் போன 14 பேருக்கும். அக்கா தலையில் கை வெச்சுக்கிட்டாங்க. மிச்சப் பணம் அடுத்த சம்பளத்தில் வருமாம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி