உங்கள் வரவுக்கு ஏற்ற வீட்டுக் கணக்கு: ஸ்பிரெட் ஷீட்டில் ஓர் அஞ்சறைப் பெட்டி

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "வீட்டு வரவு செலவு எழுத எந்த சாப்ட்வேர் நல்லது?" நான் அவர்களைத் திருப்பிக் கேட்பது, "உங்கள் வீட்டுக்குப் பணம் எப்படி வருகிறது?" என்பதைத்தான். அதைப் பொறுத்தே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டுக் கணக்கு முறைகள் உலகில் பல உண்டு. ஜப்பானில் ஹனி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904-ல் வெளியிட்ட குடும்பக் கணக்கு நோட்டு இன்றும் பேசப்படுகிறது. அமெரிக்காவின் எலிசபெத் வாரன், தன் மகளுடன் எழுதி 2005-ல் வெளியிட்ட நூலில், வரி போக மீதி வருமானத்தில் தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கும் கடன் அடைக்கவும் 20 சதவீதம் என்று பிரிக்கச் சொன்னார். மாதச் சம்பளக்காரர்களுக்கு இது எளிது. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறித் தொழிலாளிக்கோ வாரக் கூலி. நாமக்கல் லாரி டிரைவருக்கு டிரிப் கணக்கு. ஆத்தூர் பக்கம் மரவள்ளி போடுபவருக்கு அறுவடையில்தான் மொத்தமாகக் காசு. இவர்களுக்கு நான் சொல்லித் தருவது அஞ்சறைப் பெட்டி முறை. கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை என்பதுபோல, வரும் பணத்தை வந்த அன்றே பிரித்து வைப்பதுதான் இது.

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், இரண்டில் எதிலும் செய்யலாம்.

1. புதிய ஷீட்டைத் திறந்து, முதல் வரிசையில் ஏ1 முதல் எச்1 வரை தேதி, விவரம், வீடு, பள்ளி, மருத்துவம், கடன்-சீட்டு, சேமிப்பு, மொத்தம் என்று டைப் செய்யுங்கள்.

2. பி2 செல்லில் 'மீதி' என்று டைப் செய்யுங்கள். சி2 செல்லில் கிளிக் செய்து, ஆட்டோசம் பட்டனை (Σ குறி) அழுத்துங்கள். பின் சி3-ல் இருந்து சி200 வரை மவுசால் இழுத்து என்டர் தட்டுங்கள்.

3. மீண்டும் சி2-ஐ கிளிக் செய்தால் கீழ் வலது மூலையில் சிறு சதுரம் தெரியும். அதைப் பிடித்து ஜி2 வரை இழுங்கள். ஐந்து அறைகளுக்கும் ஃபார்முலா வந்துவிடும்.

4. எச்2-ல் கிளிக் செய்து ஆட்டோசம் அழுத்தி, சி2 முதல் ஜி2 வரை இழுத்து என்டர் தட்டுங்கள்.

5. ஏ3-ல் கிளிக் செய்து, வியூ மெனுவில் ஃப்ரீஸ் வசதியைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு கீழே போனாலும் மீதி வரிசை கண்ணில் இருக்கும்.

இனி பதிவு. வரவுக்கு வெறும் எண். செலவுக்கு முன்னால் மைனஸ். பழைய கையிருப்பு இருந்தால் அதையும் முதல் வரியில் பிரித்து எழுதுங்கள்.

வாரக் கூலி 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீடு 2,200, பள்ளி 500, மருத்துவம் 200, கடன்-சீட்டு 700, சேமிப்பு 400. மளிகைக்கு 850 ரூபாய் போனால் 'வீடு' பத்தியில் -850 என்று டைப் செய்யுங்கள். சி2-ல் 1,350, எச்2-ல் 3,150 தெரியும். கைக்காசும் பேங்க் இருப்பும் சேர்ந்து எச்2-க்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ எழுத விட்டுப்போயிருக்கிறது. செல்போனில் செலுத்திய சில்லறைச் செலவுகளை அந்த ஆப்பின் ஹிஸ்டரியில் பார்த்து, இரவில் ஒரே தொகையாக எழுதினால் போதும்.

இதனால் என்ன லாபம்? ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு 20,000 ரூபாயை 'ரெண்டு வட்டி'க்கு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். மாதம் 400 வீதம், ஓராண்டில் வட்டி மட்டும் 4,800 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். பள்ளி அறையில் வாரம் 500 போட்டால் 40 வாரத்தில் அதே 20,000 சேர்ந்துவிடும்.

மொத்தமாகப் பணம் வருபவர்கள் என்ன செய்வது? மரவள்ளி விற்று, அடுத்த சாகுபடிச் செலவை ஒதுக்கியபின் 1,20,000 ரூபாய் மிஞ்சினால், முழுவதையும் 'சேமிப்பு' அறையில் எழுதுங்கள். மாதம் முதல் தேதி ஒரே வரியில் சேமிப்பில் -10,000 போட்டு, அதே 10,000-ஐ மற்ற அறைகளுக்குப் பிரியுங்கள். மொத்தம் மாறாது. ஆனால் 12 மாதத்துக்கும் சம்பளம் வருவதுபோல் ஆகிவிடும்.

ஏலச்சீட்டு கட்டுபவர்கள் கவனிக்க: தள்ளு போகக் கட்டும் தொகை குறையும் மாதங்களில் மிச்சம் அந்த அறையிலேயே நிற்கட்டும். நீங்கள் கட்டும் சீட்டு, 1982-ம் ஆண்டு சிட்ஃபண்டு சட்டப்படி பதிவானதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபைலை 'வீட்டுக்கணக்கு' என்று சேவ் செய்து, வாரம் ஒருமுறை பென் டிரைவிலும் காப்பி எடுங்கள். ஏடிஎம் பின் நம்பர், பாஸ்வேர்டு எதையும் இந்த ஷீட்டில் எழுதக் கூடாது.

பயிற்சி: நான்கு வாரம் தொடர்ந்து எழுதுங்கள். ஏதாவது ஓர் அறை ஒவ்வொரு வாரமும் மைனஸில் போனால், பிரித்த அளவு உங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். வேறொரு அறையில் குறைத்து அதைக் கூட்டுங்கள். இரண்டு மூன்று முறை மாற்றியபின் எந்த அறையும் மைனஸ் காட்டாமல் நிற்கும் அளவே உங்களுக்கான பட்ஜெட்.