அழுகும் குளம்பை மூடி லாடம் அடிக்காதீர்கள்

குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நடுவே முக்கோணமாக, விரலால் அழுத்தினால் அமுங்கிக் கொடுக்கும் ஒரு பகுதி இருக்கும். அழுகல் பிடிப்பது அங்கேதான். ஆரம்பத்தில் அதன் இரண்டு பக்கப் பள்ளங்களிலும் கறுப்பாகக் கசியும். கருவாட்டுக் கிட்டங்கியில்கூட அப்படியொரு நாற்றம் வராது. அந்தக் கட்டத்தில் தினமும் நோண்டிச் சுத்தம் செய்து, தரையைக் காய வைத்தால் போதும், போய்விடும். என் குதிரைக்கு வந்தது அந்த வகை இல்லை. முன்னங்கால் இரண்டிலும், குதிகால் பக்கம் நடுவில் இருக்கும் பள்ளம் பிளந்து, பஞ்சு சுற்றிய குச்சியின் முனை உள்ளே முழுசாக இறங்கியது. நல்ல குளம்பில் அந்த இடம் ஆழமில்லாமல், அகலமாக, வறண்டு இருக்க வேண்டும். குச்சி இறங்கியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது பாவம்.

இதை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது மழை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கீழக்கரையில் லாயம் ஈரமாகத்தான் இருக்கும். எல்லாக் குதிரைக்கும் கொஞ்சம் கசியும். நான் சென்னையில் இருந்த நேரத்தில் வெளியூர் லாடக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். "உங்க காக்கா (அண்ணன்) வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? அடியில ரப்பர் ஷீட் வச்சு லாடம் அடிச்சிட்டா தண்ணி ஏறாது, தை மாசப் பந்தயத்துக்குக் கால் தயாரா இருக்கும்" என்று என் தம்பியிடம் சொல்லி, அடித்தும் விட்டார். தம்பியும் நம்பிவிட்டான்.

தண்ணீர் ஏறவில்லை, உண்மைதான். காற்றும் ஏறவில்லை. ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்று ஒரு கிருமி. குளம்பு அழுகலில் முக்கியமாகக் கைவரிசை காட்டுவது இதுதான். காற்றில்லாத இடம்தான் இதற்குச் சொர்க்கம். மூத்திரமும் சாணியும் ஏற்கெனவே ஊறிப்போன குளம்பை ரப்பரால் மூடி, மேலே இரும்பும் அடித்தால் அந்தக் கிருமிக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. நான் ஊர் திரும்பி லாடத்தைக் கழற்றச் சொன்னபோது ஷீட்டுக்கு அடியில் அந்த முக்கோணமே பாதி கரைந்து, கறுப்புக் கூழாக ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த லாடக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "முன்னாடியே இருந்திருக்கும்" என்றார். இருந்தது, அதனால்தான் மூடியிருக்கக் கூடாது.

பந்தயத்திலிருந்து குதிரையை விலக்கினேன். அதற்குக் கேட்ட பேச்சு கொஞ்சமில்லை. விற்றுவிட்டு வேறு வாங்கு என்றவர்கள் உண்டு. ஆடி மாதம் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தையில் இதைவிட நல்ல குதிரை கிடைக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்துபோன மார்க்கோ போலோ, இங்கே அரசர் ஒருவரே ஆண்டுக்கு 2,000-க்கு மேல் குதிரைகள் வாங்கியும், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்று தன் பயண நூலில் சொல்லியிருக்கிறார். பராமரிக்கத் தெரியாததும், லாடம் கட்டும் வைத்தியர்கள் இல்லாததும்தான் அவர் சொன்ன காரணம். செத்தால் அடுத்த கப்பலில் வேறு வாங்கலாம் என்ற அந்தப் புத்தி இந்தக் கரையை விட்டு இன்னும் போகவில்லை.

வைத்தியத்துக்கு வருகிறேன். முதலில் கத்தி. தொங்கும், பொடிந்துபோன செத்த சதையை விவரம் தெரிந்தவர் வெட்டி எடுக்க வேண்டும். அழுக்கு தங்குவது அதற்கடியில்தான். ரத்தம் வருமளவுக்கு வெட்டக் கூடாது. பிறகு பொவிடோன் அயோடின் கலந்த தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, முழுக்கக் காய விட வேண்டும். பலரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். ஈரத்தின் மேல் மருந்து போட்டுப் பயனில்லை. காய்ந்தபின் அயோடினில் நனைத்த பஞ்சைத் திரியாகத் திரித்து, பிளவின் அடிவரை செருகி, தினமும் மாற்றினேன். மேலே ஊற்றும் மருந்து ஆழத்துக்குப் போகாது, திரி போகும்.

மயில்துத்தம் நல்ல மருந்துதான். ஆனால் ரத்தம் தெரியும் சதையில் பொடியாகத் தூவினால் எரித்துவிடும். பார்மலின், ஆசிட் என்று எதையாவது ஊற்றச் சொல்பவர்களைக் கிட்டவே சேர்க்காதீர்கள். இன்னொன்று: மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் செம்மறி ஆட்டுக்கு விஷம். லாயத்துப் பக்கம் ஆடு மேயும் வீட்டில் மயில்துத்தத்தையும், கழுவிய தண்ணீரையும் திறந்து போடக் கூடாது.

கடலில் கொண்டுபோய் நிறுத்து, உப்புத் தண்ணீர் ஆற்றிவிடும் என்பது நம் ஊரில் எல்லார் வாயிலும் வரும் யோசனை. கடல் தண்ணீர் குதிரைக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் நனைந்த காலோடு, பிளவில் மணல் அடைத்தபடி லாயத்தில் கட்டினால் அந்த மருந்து என்னத்துக்கு? அதற்குப் பதில் அதிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து, காய்ந்த ரோட்டில் ஏர்வாடிப் பக்கம் மெதுவாக நடத்திக் கூட்டிப் போனேன். குதிகால் தரையில் பதிந்து விரியும்போதுதான் குளம்புக்குள் ரத்தம் நன்றாக ஓடும், பிளவும் திறக்கும். நாள் முழுக்கக் கட்டிப்போட்ட குதிரைக்கு எந்த மருந்தும் சீக்கிரம் கேட்காது.

லாயத் தரையைச் சரளை கொட்டி உயர்த்தி, மூத்திரம் ஓட வாய்க்கால் விட்டேன். தினமும் ஈர வைக்கோலை அள்ளி வெளியே போட்டோம்.

பொறுமை வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும். போன முக்கோணம் திரும்ப வர மாதக் கணக்கு ஆகும். நாற்றம் நின்றதும் குணமாகிவிட்டது என்று திரியை நிறுத்திவிடாதீர்கள். பிளவு மேலேறி அகலமாகும்வரை தொடருங்கள். கால் மேலே வீங்கினாலோ, பூக்கோசுபோல் சதை வளர்ந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் செய்தோ, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோயோ மருத்துவரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்பதை முதல் நாளே பாருங்கள். குதிரைக்கு அந்த நோய் வந்தால் பிழைப்பது கஷ்டம்.

இப்போது எங்களுக்கு லாடம் அடிப்பவர் வேறு ஆள். நான்கு காலையும் தூக்கி, பள்ளத்தில் குச்சி விட்டு எனக்கோ தம்பிக்கோ காட்டிய பிறகுதான் ஆணியைக் கையில் எடுப்பார்.