உம்மும்மாவின் அறிக்கையில் ஒரு வரி

சென்ற தவணை விடுமுறையில் உம்மும்மாவின் குருதிப் பரிசோதனை அறிக்கையை எடுத்து வந்தவள் நான்தான். கிரியற்றினின் 1.1 என்று இருந்தது. பக்கத்தில் அச்சிட்டிருந்த இயல்பு எல்லையோ 0.6 முதல் 1.2 வரை. "ஒண்ணுமில்ல உம்மும்மா, கிட்னி நல்லாத்தான் இரிக்கி" என்றேன். உயிரியல் படிக்கும் பேத்தியின் சொல் அல்லவா, அவரும் நம்பிவிட்டார்.

வைத்தியர் அதற்குக் கீழிருந்த வரியில் விரலை வைத்தார். ஈ.ஜி.எப்.ஆர். 54. மூன்று மாதத்தின் பின் மீண்டும் பரிசோதிக்க வேண்டும், சிறுநீரில் அல்புமினையும் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியது அன்றுதான்.

கிரியற்றினின் தசையில் உண்டாகும் கழிவு. தசை அதிகமுள்ளவருக்கு அதுவும் அதிகமாக உண்டாகும். ஆகவே ஒரே 1.1, இருபது வயது இளைஞனுக்கும் எழுபது வயதுப் பெண்ணுக்கும் ஒரே பொருளைத் தராது. இப்போதைய சமன்பாட்டில் இட்டுக் கணித்துப் பார்த்தேன்: இளைஞனின் சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 99 மில்லிலீற்றர் வடிகட்டுகின்றன, உம்மும்மாவினுடையவை 54. மெலிந்த உடலில் கிரியற்றினின் குறைவாக உண்டாவதால், நோய் "இயல்பு" எல்லைக்குள் ஒளிந்துகொள்கிறது.

வடிகட்டலை நேரடியாக அளக்கவும் முடியும். ஆனால் உடலில் ஒரு பதார்த்தத்தைச் செலுத்தி, மணிக்கணக்கில் மாதிரி எடுக்க வேண்டும். எல்லோருக்கும் அப்படிச் செய்ய முடியுமா? இந்த இடத்தில்தான் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், டஃப்ட்ஸ் மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய சிறுநீரக ஆய்வாளர் அன்ட்ரூ லீவி வருகிறார். சிறுநீரக நோயாளரின் உணவு பற்றிய ஒரு பெரிய ஆய்வில் 1628 பேரின் வடிகட்டல் வீதம் நேரடியாக அளக்கப்பட்டிருந்தது. அந்தத் தரவுகளிலிருந்து அவரும் கூட்டாளிகளும் ஒரு சமன்பாட்டை உருவாக்கி 1999இல் வெளியிட்டனர். பின்னர் அது சுருக்கப்பட்டபோது கிரியற்றினின், வயது, பால், இனம் ஆகிய நான்குமே போதுமாயின. 2002இல் அவர் தலைமையிலான குழு சிறுநீரக நோயை ஐந்து நிலைகளாக வகுத்தது. 60க்குக் குறைந்த வீதம் மூன்று மாதம் நீடித்தால் அது நாட்பட்ட நோய். உம்மும்மாவின் மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்ததென்று அப்போதுதான் விளங்கியது.

ஓர் ஆய்வுக் கட்டுரையின் செல்வாக்கை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்று எண்ணுவார்கள். எனக்கென்னவோ, வாசித்தே இராத ஒருவரின் அறிக்கையில் ஒரு வரியாக அது அச்சாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் அந்த முதற் சமன்பாட்டில் குறையும் இருந்தது. அது நோயாளரிடமிருந்தே பிறந்ததால் சுகதேகிகளின் வீதத்தைக் குறைத்துக் காட்டியது. 2009இல் பரந்த தரவுகளைக் கொண்டு லீவியின் குழுவே அதைத் திருத்தியது.

மற்றக் குறை இலேசில் தீரவில்லை. ஒரே கிரியற்றினின் அளவில், ஆய்வில் பங்குபற்றிய கறுப்பினத்தவரின் வீதம் சராசரியாகக் கூடுதலாக இருந்ததால், அவர்களுக்கென ஒரு பெருக்கற் காரணி சேர்க்கப்பட்டிருந்தது. 2009இன் சமன்பாட்டில் அது 1.159. காகிதத்தில் சிறிய எண்தான். அமெரிக்காவில் சிறுநீரக மாற்றுக்கான காத்திருப்புக் காலம் வீதம் 20 அல்லது அதற்குக் குறைந்தால் தொடங்கும். காரணியின்றி 18 என வரும் நோயாளிக்கு அதைப் பெருக்கினால் கிட்டத்தட்ட 21. அவரது காத்திருப்பு தொடங்கவே இல்லை. சராசரி ஒன்று, வரிசையில் நிற்கும் ஒரு மனிதரின் காலத்தை இப்படித்தான் தின்றது.

2021இல் லெஸ்லி இன்கர் என்ற பெண் ஆய்வாளர் முதலாசிரியராகவும் லீவி அவருடன் சேர்ந்தும், இனத்தை நீக்கிய புதிய சமன்பாட்டை வெளியிட்டனர். தன் பெயருக்குப் புகழ் தந்த சூத்திரத்தை மாற்றும் கட்டுரையில் அவரே பங்காளியானதை நான் மதிக்கிறேன். 2023 ஜனவரி முதல், பழைய கணிப்பால் பின்தங்கிய கறுப்பின நோயாளரைக் கண்டறிந்து அவர்களின் காத்திருப்புக் காலத்தைத் திருத்துமாறு அந்நாட்டு மாற்றுச் சிகிச்சை நிலையங்கள் பணிக்கப்பட்டன.

உம்மும்மாவுக்கு மூன்று மாதம் நிறைய இன்னும் பதினொரு நாள். இம்முறை அறிக்கையை எடுக்கத் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். "நீ வாசிக்கக்குள்ள நானும் பக்கத்துல இரிக்கணும்" என்கிறார்.