கொல்லைக் குழாயும் கிணற்று நீரும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில், திருவாலங்காட்டுக்கு முந்தைய நிலையம் மணவூர். இத்தகைய ஊர்களில் பல வீடுகளின் கொல்லையில் ஒரு கிணறு இருக்கும். சற்றுத் தள்ளி ஒரு செப்டிக் டேங்க் இருக்கும். கழிப்பறையிலிருந்து தொட்டிக்குச் செல்லும் குழாய் மண்ணுக்குள் கிடப்பதால் அதை யாரும் நினைப்பதில்லை. அது அடைத்துக்கொண்டால் வீடே அமளிப்படும். உடைந்து கசிந்தாலோ ஒரு சத்தமும் இராது. இவ்விரண்டில் அபாயமானது எது?

1854-ஆம் ஆண்டு லண்டனில் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா பரவி 616 பேர் மாண்டனர். தெருவிலிருந்த கைப்பம்பின் நீரே காரணம் என்று டாக்டர் ஜான் ஸ்னோ காட்டினார். அந்த நீர் எப்படிக் கெட்டது? மறு ஆண்டு தோண்டிப் பார்த்தபோது விடை கிடைத்தது. 40-ஆம் எண் வீட்டுக் கழிவுக் குழியின் செங்கற்கட்டு சிதைந்திருந்தது. அதற்கும் பம்புக் கிணற்றுக்கும் இடைவெளி 3 அடிகூட இல்லை. அவ்வீட்டுக் கைக்குழந்தை நோயுற்றிருந்தபோது அதன் துணி அலசிய நீர் அந்தக் குழியில்தான் ஊற்றப்பட்டது.

நம் பழைய வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஸ்டோன்வேர் குழாய்கள். இவற்றைச் சுடும்போது சூளையில் உப்பைத் தூவுவார்கள். உப்பிலுள்ள சோடியம், களிமண்ணின் சிலிக்காவுடன் சேர்ந்து கண்ணாடிப் பூச்சாகப் படிகிறது. அமிலமும் இதை எளிதில் அரிக்காது. பலவீனம் இணைப்பில்தான். மண் சற்றே இறங்கினால் சிமெண்டுப் பூச்சு விரிசல் விடும். கசியும் ஈரத்தைத் தேடி மரத்தின் மயிரிழை வேர் உள்ளே நுழையும். பிறகு பருத்து இணைப்பையே பிளந்துவிடும்.

பழுது எங்கே என்று அறியாமல் கடப்பாரையை எடுக்கக் கூடாது. வழியிலுள்ள ஆய்வுத் தொட்டிகளின் மூடியைத் தள்ளி, வெளியில் நின்றே பாருங்கள். மேல்தொட்டி நிறைந்து அடுத்த தொட்டி காலியாக இருந்தால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில். கசிவைக் காண்பதற்கு, கீழ்முனையை அடைத்து மேல்தொட்டி வரை நீர் நிரப்பி மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்தில் மட்டம் கணிசமாக இறங்கினால் நீர் மண்ணுக்குப் போகிறது என்று பொருள்.

இனிப் பழுது பார்ப்பது. உடைந்த பகுதியை வெட்டியெடுத்து பி.வி.சி. குழாய் வைப்பதே இன்றைய வழக்கம். ஆனால் அதன் வழவழப்பில் சிமெண்டு பிடிக்காது. அனுபவமுள்ள பிளம்பர், முனையில் ஒட்டுப்பசை தடவி மணலைத் தூவிக் காயவிட்டுத்தான் பூசுவார். அடுத்தது சாய்வு. இங்கே மோட்டார் இல்லை; புவியீர்ப்பு ஒன்றே கழிவைத் தள்ளுகிறது. 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 என்ற சாய்வு பழக்கத்தில் உள்ளது. அதாவது 10 மீட்டர் நீளத்தில் 25 சென்டிமீட்டர் இறக்கம். ரசமட்டம் கொண்டோ, நீர் நிரப்பிய மட்டக்குழாய் கொண்டோ இதை அளக்கலாம். கண்மட்டத்தில் போட்ட குழாயில் நடுவே ஒரு பள்ளம் விழுந்தால் திடக்கழிவு அங்கே தங்கிவிடும்.

அடைப்பை எடுக்க செப்டிக் டேங்கினுள் யாரும் இறங்கக் கூடாது. கூலிக்கு ஆள் வைத்து இறக்கவும் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. உள்ளே உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். செறிவு கூடும்போது மூக்கின் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் உயிரிழந்த செய்திகள் நம் மாநிலத்திலேயே பலமுறை வந்துள்ளன. உறிஞ்சும் லாரியை அழைப்பதே சரி.

குழாயைப் பதித்தவுடன் மண்ணைத் தள்ளிவிட வேண்டாம். பூச்சு இறுகிய பின் மீண்டும் நீர் நிரப்பி, ஒவ்வோர் இணைப்பின் அடிப்பக்கத்தையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் தட்டாவிட்டால், கல் இல்லாத மணலைச் சுற்றிலும் இட்டுப் பள்ளத்தை மூடலாம்.